கண்ணாடிக் கார்பாயை முதல்ல வெளியே போடுங்க: வீட்டுல பீர் காய்ச்சுறவங்களுக்கு ஒரு எமர்ஜென்சி டாக்டரின் இழை

1/
வீட்டுல பீர் காய்ச்ச என்ன பாத்திரம் வாங்கலாம், எந்த முறையில ஆரம்பிக்கலாம்னு இன்பாக்ஸ்ல ஒரு மாசமா ஏகப்பட்ட கேள்வி. எல்லாரும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள். தனித்தனியா பதில் சொல்லி மாளல. அதனால ஒரே இழையா எழுதிடறேன். நீளமானதுதான். ஆன்லைன்ல ஆர்டர் போடறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிடுங்க.

2/
முதல்ல ரெண்டு விஷயம்.

ஒண்ணு: தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு இது செய்முறை இல்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 அமலில் இருக்கு. லைசென்ஸ் இல்லாம மது தயாரிச்சா குற்றம். பீரும் அதுல அடக்கம். "கொஞ்சமா, எங்களுக்கு மட்டும்தான்" என்பதெல்லாம் ஸ்டேஷன்ல எடுபடாது. நான் வேலை பார்க்கிற இங்கிலாந்துல 1963லேயே வீட்டு பீருக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆக்கிட்டாங்க. சொந்தக் குடிக்கு மட்டும். விற்கக் கூடாது. மற்ற நாட்டுக்காரங்க உங்க ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கோங்க.

ரெண்டு: குடிக்காதவங்க இதைப் படிச்சிட்டு ஆரம்பிக்காதீங்க. ஏற்கெனவே குடிக்கிறவங்க, ஏற்கெனவே காய்ச்சுறவங்க, காய்ச்சியே தீருவேன்னு முடிவு பண்ணினவங்க, இவங்களுக்காகத்தான் எழுதறேன்.

3/
"டாக்டரே பீர் காய்ச்சச் சொல்லித் தரலாமா?"ன்னு கமெண்ட் வரும். வரட்டும். நான் சொல்லாட்டி நீங்க காய்ச்சாம இருக்கப் போறதில்லை. யாரோ ஒரு காணொளிக்காரர் சொல்றதைக் கேட்டுக் காய்ச்சுவீங்க. அவர் காட்டாத பகுதியை நான் ராத்திரி ஷிஃப்ட்ல பார்க்கிறேன்.

அதோட எனக்கு இதுல ஒரு கடனும் இருக்கு. 2019ல இதே பக்கத்துல ஒரு பதிவு போட்டேன். "பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம், கண்ணாடிக் கார்பாய் வாங்குங்க, அதுதான் சுத்தம்"னு. முந்நூறு பேர் லைக் போட்டீங்க. அந்தப் பதிவை அழிச்சிட்டேன். ஏன்னு சொல்றேன்.

4/
கார்பாய் தெரியாதவங்களுக்கு: 23 லிட்டர் பிடிக்கிற, குறுகிய கழுத்து உள்ள பெரிய கண்ணாடிக் குடுவை. உள்ளே நுரைச்சு வர்றதைப் பார்க்கவே அழகா இருக்கும். போட்டோவுக்கு அது மாதிரி வராது.

என் நண்பர் ஒருத்தர், காலேஜ் காலத்துல இருந்து பழக்கம், இங்கே வீடு வாங்கினார். புது வீட்டுக்கு நான் கொண்டுபோன பரிசு அந்தக் கார்பாய்தான். ரெண்டு வருஷம் நல்லாத்தான் காய்ச்சினார். 2021 டிசம்பர்ல ஒரு நாள், காலிக் குடுவையைச் சமையலறை சிங்க்ல சோப்பு போட்டுக் கழுவியிருக்கார். ஈரக்கை, ஈரக்கண்ணாடி. தூக்கும்போது வழுக்கி சிங்க் விளிம்புல இடிச்சிருக்கு. குடுவை அப்படியே பிளந்தது. விழாம பிடிக்கப் போன வலது கை அதுக்குள்ள போயிடுச்சு.

எனக்கு போன் வந்தது. "மாப்ள, ரத்தம் பெருசா இல்லடா. ஆனா சுண்டு விரலை மடக்க முடியல."

5/
அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ரத்தம் நின்னுடும். விரல் மடங்கலைன்னா தசைநாண் அறுந்திருக்கு.

மணிக்கட்டுல ஒரு சாண் அகலம்கூட இல்லாத இடத்துல விரல்களை மடக்குற நாண்கள், ரெண்டு பெரிய நரம்பு, ரெண்டு ரத்தக்குழாய் எல்லாம் நெருக்கியடிச்சுப் போகுது. அவருக்கு சுண்டு விரல், மோதிர விரல் நாண்களும் உல்நார் நரம்பும் போயிருந்தது. மறுநாள் ஆபரேஷன். அப்புறம் பன்னிரண்டு வாரம் ஸ்ப்ளின்ட், பிசியோதெரபி. கை திரும்பி வந்தது. ஆனா முழுசா வரல. சாதம் பிசையும்போது மோதிர விரலோட ஒரு பக்கம் சூடு தெரியுது, மறு பக்கம் தெரியலைங்கிறார். அந்த விரலை ரெண்டு நரம்பு பங்கு போட்டுக்குது. அதுல ஒண்ணுதான் பிழைச்சது.

அவர் அனுமதியோட எழுதறேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

6/
அதனால என் வாதம் இதுதான். வீட்டுல காய்ச்சப் பொருள் வாங்கும்போது எல்லாரும் கேக்குற கேள்வி, "எதுல பீர் நல்லா வரும்?" அது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "நான் தப்பு பண்ணினா இது என்ன பண்ணும்?"

தப்பு பண்ணுவீங்க. ஈரக்கையில தூக்குவீங்க, அவசரத்துல மூடுவீங்க, பாதி கழுவிட்டுப் போதும்னு விடுவீங்க. எனக்கும் அப்படித்தான். பக்கெட் கீழே விழுந்தா தரை நனையும், அவ்வளவுதான். கார்பாய் விழுந்தா கையும் காலும் போகும். பீர் நிரம்பின 23 லிட்டர் கார்பாய் கிட்டத்தட்ட 30 கிலோ. அதைக் குனிஞ்சு தூக்குறவர் இடுப்பையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

7/
கண்ணாடிக்கு ஆதரவாச் சொல்றது மூணு விஷயம். மூணையும் நானே 2019ல எழுதினேன்.

"பிளாஸ்டிக்ல கீறல் விழும், கிருமி ஒளிஞ்சுக்கும்." உண்மைதான். அதுக்கு மருந்து, ஸ்க்ரப்பர் போடாம மென்மையான ஸ்பாஞ்சுல கழுவுறது. கீறல் விழுந்தா பக்கெட்டை மாத்துறது. புது பக்கெட் விலை சில பவுண்டு. தசைநாண் கடையில கிடைக்காது.

"பிளாஸ்டிக் வழியா ஆக்சிஜன் போகும்." போகும், மெதுவா. மாசக்கணக்கா ஊறவைக்கிற பீருக்கு அது பிரச்சினை. ரெண்டு மூணு வாரத்துல பாட்டிலுக்குப் போற சாதாரண ஏல் வகைக்கு நீங்க வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீங்க.

"பிளாஸ்டிக் விஷம்." இதுக்குத் தனியா பதில் சொல்லணும்.

8/
உணவுத் தரம்னு முத்திரை உள்ள பிளாஸ்டிக் வேற, கண்ட பிளாஸ்டிக் வேற. அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும். 2 எச்டிபிஇ, 5 பாலிப்ரோப்பிலீன், 1 பெட். இந்த மூணுலயும் உணவுத் தரத்துல செஞ்சது வாங்குங்க. பீர் நொதிக்கிறது 20 டிகிரி பக்கம், ஆல்கஹால் 4-5 சதவீதம். இதுல பிளாஸ்டிக்கைப் பார்த்து பயந்துட்டு, உள்ளே இருக்கிற ஆல்கஹாலைப் பார்த்து பயப்படாதவரை என்ன சொல்ல?

ஆனா பெயின்ட் பக்கெட், கெமிக்கல் கேன், பழைய எண்ணெய் டின் வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். பெட் வகையில கொதிக்கிறதை ஊத்தாதீங்க, உருகிக் கோணும். கண்ணாடியில ஊத்தினா விரிசல் விடும். ஆறின பிறகுதான் ஊத்தணும்.

9/
காசு இருக்குன்னா எவர்சில்வர் ஃபெர்மென்ட்டர் வாங்குங்க. உடையாது, கீறாது, ஆயுசுக்கும் வரும். எனக்கு அதுல எந்த ஆட்சேபணையும் இல்லை.

"ஊர்ல இருந்து கொண்டுவந்த பித்தளை அண்டா இருக்கு டாக்டர், பாரம்பரியமா இருக்கும்"னு ஒரு அக்கா கேட்டாங்க. பித்தளையில தயிர் வைக்கக் கூடாது, புளி கரைச்சு வைக்கக் கூடாதுன்னு உங்க பாட்டி சொல்லியிருப்பாங்களே, அதே காரணம்தான். பீரும் புளிப்புதான், பிஎச் நாலு பக்கம். வாரக்கணக்கா நின்னா செம்பு கரையும். பழைய ஈயப்பூச்சுல என்ன கலந்திருக்குன்னும் தெரியாது. அண்டாவை ஷோகேஸ்ல வைங்க, அக்கா. பளபளன்னு பூசின மண் ஜாடிக்கும் இதே பதில். அந்தப் பூச்சுல காரீயம் இருக்கலாம்.

10/
இப்போ அளவுக்கு வர்றேன். என்னோட பெரிய சண்டை இங்கதான்.

இங்கே கடையில ஆரம்பநிலைக்காரருக்கு விக்கிற செட் பெரும்பாலும் 23 லிட்டர். பக்கெட்டும் அந்த அளவு, டின்ல வர்ற மால்ட் சாறும் அந்த அளவு. "ஒரே உழைப்புதான் சார், 10 லிட்டர் காய்ச்சினாலும் 23 லிட்டர் காய்ச்சினாலும்"பாங்க. டாக்டரா இதுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன்.

இங்கிலாந்துல ஒரு யூனிட்னா 10 மில்லி சுத்த ஆல்கஹால், அதாவது 8 கிராம். 4.5 சதவீத பீர் 23 லிட்டர் காய்ச்சினா அதுல 1,035 மில்லி ஆல்கஹால். 103 யூனிட்.

2016ல இருந்து இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அறிவுரை: வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல போகாதீங்க, அதையும் குறைஞ்சது மூணு நாளாவது பிரிச்சுக்கோங்க. அந்தக் கணக்குப்படி 23 லிட்டரை ஒருத்தர் காலி பண்ண ஏழு வாரத்துக்கு மேல ஆகணும்.

11/
உங்க வீட்டுல ஏழு வாரம் தங்குதா? நெஞ்சுல கை வச்சு சொல்லுங்க.

எனக்குத் தங்கல. மூணு வாரத்துல காலி. அடுத்தது காய்ச்சணும்னா பாட்டில் காலியாகணுமே, அந்தச் சாக்குல இன்னும் ரெண்டு. கடையில வாங்கும்போது விலை ஒரு தடை, நடந்து போறது ஒரு தடை. வீட்டுல எழுபது பாட்டில் படிக்கட்டுக்குக் கீழே அடுக்கி இருந்தா ரெண்டு தடையும் கிடையாது. நான் என் அளவைக் கவனிச்சது, என் மனைவி காலி பாட்டிலை எண்ணிச் சொன்ன பிறகுதான். "இது பொழுதுபோக்கா, இல்ல சப்ளையா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல.

அதனால என் சிபாரிசு 10 லிட்டர். அதுக்கு மேல ஃபெர்மென்ட்டர் வாங்காதீங்க. முப்பது சின்ன பாட்டில், 45 யூனிட். பாத்திரத்தோட அளவை முடிவு பண்ணும்போது உங்க டோஸை முடிவு பண்றீங்க.

12/
சின்ன அளவுல வேற லாபமும் இருக்கு. 15 லிட்டர் எவர்சில்வர் குண்டான், பிரியாணி வைக்கிறது, வீட்டுலயே இருக்கும். சாதாரண அடுப்புல கொதிக்கும். நிரம்பினாலும் ஒரு ஆள் தூக்கலாம்.

25 லிட்டர் கொதிக்கிற வோர்ட், அதாவது மால்ட் கஷாயம், ஒட்டும். சர்க்கரைப் பாகு மாதிரி. தண்ணியை விட மோசமா சுடும். ஹாப்ஸ் போட்டதும் சட்டுனு பொங்கி வழியும். அடுப்படியில குழந்தை நிக்கக் கூடாது. சூடான பாத்திரத்தை யாரும் தூக்கக் கூடாது. இருந்த இடத்துலயே ஆறட்டும், இல்லாட்டி பாத்திரத்தை அப்படியே சிங்க்ல குளிர்ந்த தண்ணியில வைக்கிற அளவுக்கு அது சின்னதா இருக்கணும். 10 லிட்டர் அப்படி வைக்கலாம். 23 லிட்டர் முடியாது.

13/
முறை எது? வரிசையாச் சொல்றேன்.

(அ) ஹாப்ஸ் கலந்த மால்ட் சாறு டின்: கரைச்சு, ஆறவச்சு, ஈஸ்ட் போட வேண்டியதுதான். முதல் தடவைக்குச் சரி. சின்ன அளவு டின் தேடிப் பாருங்க. இல்லைன்னா உலர்ந்த மால்ட் பொடி வாங்கி, அளந்து, ஹாப்ஸ் தனியா போட்டுக் கொதிக்கவிடுங்க.

(ஆ) துணிப்பை முறை: 10 லிட்டருக்குச் சுமார் 2 கிலோ உடைச்ச மால்ட். தேங்காய்ப்பால் பிழியற துணி மாதிரி பெரிய பை. அதுல மால்ட்டைப் போட்டு 65-68 டிகிரியில ஒரு மணி நேரம் ஊறவிடுங்க. பையைத் தூக்கி வடியவிட்டு, மிச்சத்தைத் திறந்த பாத்திரத்துல ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்க. மூடி போட்டா முட்டைக்கோஸ் வாடை தங்கிடும்.

(இ) மூணு பாத்திரம், பம்ப், பைப்: நல்ல முறைதான், தப்பில்லை. ஆனா ஒவ்வொரு பைப்பும் கழுவ வேண்டிய இன்னொரு இடம்.

14/
(ஈ) நூற்றுக்கணக்கான பவுண்டுல வர்ற ஆட்டோமேட்டிக் மெஷின். ஸ்கிரீன், ஆப், ப்ளூடூத். "எது டாக்டர் நல்ல மெஷின்?"னு கேக்குறவங்கதான் அதிகம்.

நான் கேக்கறேன்: ஹைட்ரோமீட்டர் வச்சிருக்கீங்களா? தெர்மாமீட்டர்? சானிடைசர்? "அதெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்." இது ஜிம்முக்குப் போகுமுன்னே ஆயிரம் ரூபாய் ஷூ வாங்கறது இல்லை. இது பிபி பார்க்காமலே மாத்திரை வாங்கறது. அந்த மெஷின் காய்ச்சற வேலையைச் சுலபமாக்கும். பீர் கெடறதும் பாட்டில் வெடிக்கறதும் காய்ச்சின பிறகு நடக்கிற விஷயம். அங்கே மெஷின் வராது.

15/
ஹைட்ரோமீட்டர்னா? பால்காரர்கிட்ட பார்த்த லாக்டோமீட்டரோட ஒன்றுவிட்ட தம்பி. திரவத்துல மிதக்கும், அடர்த்தி சொல்லும். வெறும் தண்ணியில 1.000 காட்டணும், வாங்கினதும் சோதிச்சுப் பாருங்க.

ஈஸ்ட் போடுமுன் 1.045 இருக்குன்னு வைங்க. முடிஞ்சதும் 1.011. வித்தியாசத்தை 131ஆல பெருக்குங்க: 4.5 சதவீதம் ஆல்கஹால். நீங்க குடிக்கிறது என்னன்னு தெரிய வேற வழியில்லை. "லைட்டாத்தான் இருக்கு"ன்னு நாக்கு சொல்றதை நம்பி வண்டி ஓட்டப் போனவங்களை எனக்குத் தெரியும்.

"ஏர்லாக்ல குமிழி நின்னுடுச்சு, முடிஞ்சுதுல்ல?" இல்லை. குமிழி வெறும் அறிகுறி. மூடி சரியா உக்காராட்டியும் நிக்கும், குளிர் வந்தாலும் நிக்கும். ஹைட்ரோமீட்டர்தான் லேப் ரிப்போர்ட். ரெண்டு மூணு நாள் இடைவெளியில ரெண்டு தடவை ஒரே எண் வந்தாத்தான் முடிஞ்சது.

16/
ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? பாட்டில் குண்டு.

பாட்டில்ல அடைக்கும்போது நுரைக்காக லிட்டருக்கு 5-6 கிராம் சர்க்கரை சேர்க்கறோம். ஈஸ்ட் அதைத் தின்னு கேஸ் விடும். பாட்டில் தாங்கும். ஆனா 1.011க்குப் போக வேண்டிய பீரை 1.015லேயே அவசரப்பட்டு அடைச்சா? அந்த நாலு புள்ளியில லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இன்னும் இருக்கு. நீங்க போட்டதோட சேர்த்தா மூணு பங்கு கிட்ட ஆகுது. பாட்டில் ஒரு வாரம் பேசாம இருக்கும். பத்தாவது நாள் நீங்க கையில எடுக்கும்போது வெடிக்கும், மூஞ்சிக்கு நேரா.

கண்ணுல கண்ணாடித் துண்டோட வர்றவங்களுக்கு நாங்க செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம்.

17/
அதனால முதல் ஒரு வருஷம் பெட் பாட்டில் மட்டும். சோடா வர்ற மாதிரி, கேஸ் தாங்கற வகை. பழுப்பு நிறத்துல பீருக்குன்னே விக்கறாங்க. அமுக்கிப் பார்த்தா உள்ளே அழுத்தம் எவ்வளவுன்னு விரலுக்கே தெரியும். கல்லு மாதிரி ஆயிட்டா குளிர்ல வச்சு மெதுவா திறந்து கேஸை விடலாம். உடைஞ்சாலும் சிதறாது.

கண்ணாடிதான் வேணும்னா, ஏற்கெனவே பீர் வந்த, சோடா மூடி போடற, கனமான பாட்டில். ஒயின் பாட்டில், சாஸ் பாட்டில், ஜாம் ஜாடி, "அழகா இருக்கு"ன்னு வாங்கின சதுர பாட்டில் எதுவும் கூடாது. அட்டைப் பெட்டிக்குள்ள வச்சு மூடுங்க. குழந்தைங்க நடமாடற இடத்துல வேண்டாம். பிரஷர் குக்கர்ல மூடி நொதிக்க வைக்கிறதா ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, தயவுசெஞ்சு வேண்டாம்.

18/
சுத்தம். இதுல ஆபரேஷன் தியேட்டர் பாடம் ஒண்ணு இருக்கு. கத்தியை ஆட்டோகிளேவ்ல போடறதுக்கு முன்னாடி கழுவித்தான் போடணும். அழுக்கு ஒட்டியிருந்தா ஸ்டெரிலைஸ் ஆகாது. இங்கேயும் அப்படித்தான்: முதல்ல கழுவுங்க, அப்புறம்தான் சானிடைசர். கழுவாம சானிடைசர் ஊத்தறது, குளிக்காம சென்ட் அடிக்கிற மாதிரி.

கொதிக்கும் வரைக்கும் சாதாரண சுத்தம் போதும். ஆறின பிறகு தொடுற எல்லாத்துக்கும் சானிடைசர்: பக்கெட், மூடி, ஏர்லாக், கரண்டி, டியூப், உங்க கை. பக்கெட்டுல குழாய் வச்சது வாங்கினா ஒவ்வொரு தடவையும் கழட்டிக் கழுவணும். உள்ளே பிசுக்கு படியும். கதீட்டர்ல படியற மாதிரியே. கழட்ட சோம்பல்னா குழாய் இல்லாத பக்கெட் வாங்குங்க.

டியூபை வாய் வச்சு உறிஞ்சாதீங்க, ஸ்கூட்டர்ல பெட்ரோல் எடுக்கிற மாதிரி. உங்க வாயை விடக் கிருமி நிறைஞ்ச பாத்திரம் அந்தச் சமையலறையில இல்லை.

19/
ப்ளீச்சிங் கரைசலோட வினிகரோ வேற அமிலமோ கலக்காதீங்க. "ரெண்டும் சேர்ந்தா பவர் அதிகம்"னு ஒரு காணொளி சுத்துது. வர்றது குளோரின் வாயு. நுரையீரலைப் பொசுக்கும். அலசாம விடக்கூடிய பாஸ்பாரிக் அமில சானிடைசர் ஒரு பாட்டில் வாங்கினா பல மாசம் வரும்.

குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா பீர் பேண்ட்-எய்ட் வாடை அடிக்கும். அதுக்கு மெட்டாபைசல்பைட் மாத்திரை போடுவாங்க. நல்லா வேலை செய்யும். ஆஸ்துமா உள்ளவங்க அதைக் கரைக்கும்போது மூக்கைப் பக்கத்துல கொண்டுபோகாதீங்க. சல்பைட் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும்.

20/
வெப்பம். இட்லி மாவு தெரிஞ்ச உங்களுக்கு இதை விளக்கணுமா? மே மாசம் மாவு பொங்கி மேடையில வழியும். இங்கே ஜனவரியில அவன்ல லைட்டைப் போட்டு உள்ளே வச்சாலும் அசையாது. ஈஸ்ட்டும் அப்படித்தான்.

ஏல் ஈஸ்ட்டுக்கு 18-22 டிகிரி. நொதிக்கும்போது தானே சூடாகும், அறையை விட மூணு நாலு டிகிரி கூட இருக்கும். ரொம்ப ஏறினா தின்னர் மாதிரி நெடி வரும். பக்கெட்டைத் தண்ணித் தொட்டியில வச்சு ஈரத்துணி சுத்துங்க. பக்கத்துல ஒட்டுற தெர்மாமீட்டர் ஸ்ட்ரிப் வாங்குங்க. லாகர் வகைக்கு 10 டிகிரி பக்கம் வாரக்கணக்கா வேணும். தனி ஃப்ரிட்ஜ் இல்லாம அதுல இறங்காதீங்க. மெஷினுக்கு வச்சிருந்த காசுல ஒரு சின்னப் பங்கை இங்கே போட்டா பீர் நிஜமாவே நல்லா வரும்.

21/
"கள்ளக்குறிச்சி மாதிரி ஆயிடுமா டாக்டர்?" இந்த பயம் நியாயமானது. ஆனா பீருக்குப் பொருந்தாது. 2024 ஜூன்ல அங்கே அறுபதுக்கும் மேல உயிர் போனது, சாராயத்துல மெத்தனால் கலந்ததால. மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கும்போது வர்றது எத்தனால். மெத்தனால் ஆபத்தில்லாத அளவு சுவடுதான்.

ஆனா அந்த பீரை எடுத்து காய்ச்சி வடிக்கிறது, அதாவது சாராயம் இறக்குறது, முற்றிலும் வேற விஷயம். இங்கேயும் லைசென்ஸ் இல்லாம அது குற்றம். தீ, வெடிப்பு, விஷம் மூணுக்கும் வாய்ப்பு. 2020 ஊரடங்குல குக்கர்ல சாராயம் இறக்கின செய்தியெல்லாம் படிச்சோமே. அதைப் பத்தி எனக்கு இன்பாக்ஸ் பண்ணாதீங்க. பதில் வராது.

22/
கடைசியா எனக்கு ரொம்பக் கோபம் வர்ற வாக்கியம்: "வீட்டுல செஞ்சது, கெமிக்கல் இல்ல, இயற்கையானது, உடம்புக்கு நல்லது."

எத்தனாலும் கெமிக்கல்தான். வீட்டுல செஞ்சாலும் அதே மூலக்கூறு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே மதுவை முதல் பிரிவுல போட்டாச்சு. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில சொல்லிடுச்சு. உங்க கல்லீரலுக்கு உங்க கைப்பக்குவம் தெரியாது.

"ஈஸ்ட்ல பி விட்டமின் இருக்காமே?" இருக்கு. நாலு இட்லி சாப்பிடுங்க.

கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்சினை உள்ளவங்க, குடியை விட்டு மீண்டு வர்றவங்க இருக்கிற வீட்டுல காய்ச்சவே வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க, கவுட் உள்ளவங்க உங்க டாக்டர்கிட்ட பேசுங்க. மீண்டு வர்றவர் இருக்கிற வீட்டுல படிக்கட்டுக்குக் கீழே முப்பது பாட்டில் அடுக்கறது கொடுமை.

23/
விபத்து நடந்தா:

கண்ணாடி வெட்டு: துணி வச்சு அழுத்திப் பிடிங்க, கையை உயர்த்துங்க. ஆழமாக் குத்தியிருக்கிற துண்டைப் பிடுங்காதீங்க. காயம் சின்னதா இருந்தாலும் விரல் மடங்கல, நிமிரல, மரத்துப்போச்சுன்னா உடனே எமர்ஜென்சிக்கு வாங்க. காலையில பார்த்துக்கலாம்னு தூங்காதீங்க.

தீக்காயம்: ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம். பேஸ்ட், மஞ்சள், இங்க், வெண்ணெய் எதுவும் வேண்டாம்.

கண்ணுல பட்டா: தேய்க்காதீங்க. கெமிக்கல்னா தண்ணியில கழுவிட்டே இருங்க. கண்ணாடின்னா கண்ணை அழுத்தாம மூடிட்டு நேரா வாங்க.

24/
இனி வாங்க வேண்டிய பட்டியல்: 10 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் பக்கெட், மூடி, ஏர்லாக். 15 லிட்டர் எவர்சில்வர் குண்டான், வீட்டுல இல்லைன்னா மட்டும். துணிப்பை. ஹைட்ரோமீட்டர். தெர்மாமீட்டர், பாதரசம் இல்லாதது. சானிடைசர். டியூப். முப்பது சின்ன பெட் பாட்டில். முடிஞ்சது. இதுல நல்ல பீர் வரலைன்னா மெஷின் வாங்கினாலும் வராது.

வீட்டுல ஏற்கெனவே கண்ணாடிக் கார்பாய் இருக்கிறவங்க, முக்கியமா என் 2019 பதிவைப் படிச்சிட்டு வாங்கினவங்க: அதை ஓரமா வச்சுச் செடி வளருங்க, இல்ல காகிதத்துல சுத்தி ஜாக்கிரதையா வெளியே போடுங்க. யாருக்கும் இலவசமாக் கொடுக்காதீங்க. நான் அப்படித்தான் கொடுத்தேன்.

25/
நண்பர் இப்பவும் காய்ச்சறார். 10 லிட்டர் பக்கெட், பெட் பாட்டில். வருஷத்துக்கு நாலு தடவை. போன மாசம் போயிருந்தேன். இடது கையால ஊத்திக் கொடுத்தார், வலது கைப் பிடியை இன்னும் நம்பலைங்கிறார். பீர் நல்லா இருந்தது. கார்பாய்ல காய்ச்சினதை விட மோசமில்லை.

திட்டறவங்க கமெண்ட்ல திட்டலாம். படிச்சிட்டுத் திட்டுங்க. பாத்திரத்தைப் பத்திக் கேள்வி இருந்தா கீழே போடுங்க, ஷிஃப்ட் முடிஞ்சு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன். இதை கார்பாய் வச்சிருக்கிற உங்க நண்பருக்கு அனுப்புங்க.

இழை முடிந்தது.